பல்கலைக்கழக வளாகக் காவல்: அதிகாரமும் பொறுப்பும்

முன்னுரை

'காவலன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் அரசன் என்பதும் பொருள். காவல் புரிவோன் என்பதும் பொருள். காத்தற் றொழிலும் ஆளும் அதிகாரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இச்சொல்லே உணர்த்தி நிற்கின்றது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஆராயாது உரைத்த ஆணையைத் தலைமேற்கொண்டு சென்ற காவலர் கோவலனை வெட்டி வீழ்த்தினர். வாளை வீசியவன் ஒரு காவலன். ஆயினும் பழி அரசனையே சென்று சேர்ந்தது. அப்பழியை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். அதிகாரத்தை வழங்குபவர் எவரோ, அதன் விளைவுக்கும் அவரே பொறுப்பாவர் என்பது இக்காட்சி நமக்குக் கூறும் அறமாகும்.

இந்த அறம் இன்றைய கல்வி உலகில் ஒரு புதிய வினாவை எழுப்புகின்றது. ஒரு பல்கலைக்கழகம் தனக்கெனக் காவற்படை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் அப்படைக்குக் கைது செய்யும் அதிகாரம் எங்கிருந்து வருகின்றது? அவ்வதிகாரம் எவ்வெல்லை வரை செல்லும்? தவறு நேர்ந்தால் யார் விடை பகர்வது? இவ்வினாக்களை ஒரு நூற்றாண்டிற்கு மேலாக எதிர்கொண்டுவரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடாகும். அந்நாட்டுப் பல்கலைக்கழகக் காவல்துறையின் தோற்றம், சட்ட அதிகாரம், கடமை, குறை ஆகியவற்றை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

காவலாளியும் காவலரும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நம் கல்லூரிகளின் வாயிலில் நிற்கும் காவலாளி காக்கிச் சட்டை அணிந்திருப்பினும் சட்டத்தின் பார்வையில் ஒரு குடிமகனே. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே கைது செய்தல், சோதனையிடுதல் முதலிய அதிகாரங்கள் அரசின் காவல்துறைக்கே உரியன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தன் கண்முன்னே பிணையில் விடத்தகாத பெருங்குற்றம் புரிபவனைத் தனிமனிதர் எவரும் பிடிக்கலாம் என்கின்றது. பிடித்தவனை ஆறு மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கின்றது. நம் காவலாளிக்கு உள்ள உரிமை இவ்வளவே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் நிலைமை வேறு. அங்கே வளாகத்தில் உலவும் காவலர் மாநிலத்தின் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர்; சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி ஏற்றவர்; பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியவர். அவருக்கு ஊதியம் வழங்குவது பல்கலைக்கழகம். ஆனால் அவர் செய்யும் கைது, நகரக் காவலர் செய்யும் கைதுக்கு நிகரான சட்ட வலிமை உடையது. ஊதியம் ஓரிடத்திலிருந்தும் அதிகாரம் மற்றோரிடத்திலிருந்தும் வருகின்ற இந்த இருமையே இப்பொருளின் நடுநாடி எனலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

வளாகக் காவலின் தொடக்கம் 1894ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது என்பர். அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள நியூ ஹேவன் நகர மக்களுக்கும் மாணவர்களுக்கும் நெடுநாளாகப் பகை இருந்துவந்தது. மருத்துவ மாணவர்கள் உடற்கூறு பயிலுதற்பொருட்டுக் கல்லறைகளிலிருந்து பிணங்களைக் களவாடுகின்றனர் என்னும் ஐயமும் அப்பகைக்கு ஒரு காரணமாயிற்று. இந்நிலையில் நகரக் காவல்துறையினர் இருவர் யேல் வளாகத்திற்கென அமர்த்தப்பட்டனர். மாணவர்களை ஒடுக்குவதற்கன்றி, மாணவர்க்கும் ஊரார்க்கும் இடையே இணக்கம் காண்பதற்கே அவர்கள் அனுப்பப்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுவதும் பெரும்பாலான வளாகங்களில் இரவுக் காவலாளிகளே இருந்தனர். கதவுகளைப் பூட்டுதல், தீ விபத்தைக் கண்காணித்தல், விடுதி நேர ஒழுங்கைப் பேணுதல் ஆகியவையே அவர்தம் பணிகள். அறுபதுகளில் இந்நிலை மாறியது. 1966 ஆகஸ்டு முதல் நாள், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறிய ஒருவன் கீழே நடமாடியவர்களைச் சுட்டு வீழ்த்தினான். நகரக் காவலர் மேலேறி அவனை வீழ்த்தும்வரை ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் அக்கொடுமை நீடித்தது. மறு ஆண்டே டெக்சஸ் சட்டமன்றம் பல்கலைக்கழகங்கள் தமக்கெனக் காவலரை அமர்த்திக்கொள்ள வழிவகுத்தது.

மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் மாணவர் போராட்டங்களை அடக்க வெளியிலிருந்து படைகள் வரவழைக்கப்பட்டன. 1968 பிப்ரவரியில் ஆரஞ்சுபர்க் நகரில் மாநில நெடுஞ்சாலைக் காவலர் சுட்டதில் மூவர் மாண்டனர். 1970 மே 4ஆம் நாள் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒகையோ தேசியக் காவற்படை சுட்டதில் மாணவர் நால்வர் உயிரிழந்தனர். பதினொரு நாள் கழித்து ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் நகரக் காவலரும் நெடுஞ்சாலைக் காவலரும் சுட்டதில் இருவர் இறந்தனர். மாணவர் முகம் அறியாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதைவிட, வளாகத்தை அறிந்தவரையே காவலராக்குவது மேல் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. எழுபதுகளில் மாநிலங்கள் பலவும் இதற்கான சட்டங்களை இயற்றின.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் அலுவலகம் 2011-12ஆம் கல்வியாண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. 2500 மாணவர்க்கு மேற்பட்ட நான்காண்டுக் கல்லூரிகளில் 68 விழுக்காடு உறுதிமொழி ஏற்ற காவலரைக் கொண்டிருந்தன. அரசு நிறுவனங்களில் இது 92 விழுக்காடாகவும் தனியார் நிறுவனங்களில் 38 விழுக்காடாகவும் இருந்தது. நான்கில் மூன்று நிறுவனங்களில் காவலர் படைக்கலம் ஏந்தியிருந்தனர்.

அதிகாரத்தின் ஊற்றுக்கண்

பல்கலைக்கழகத் துணைவேந்தரோ ஆட்சிக்குழுவோ தாமாகவே ஒருவருக்குக் கைது செய்யும் அதிகாரத்தை வழங்க இயலாது. அவ்வதிகாரம் மாநிலச் சட்டமன்றத்தினிடமிருந்தே வருதல் வேண்டும். மாநிலங்கள் தத்தம் சட்டத்தை இயற்றியிருத்தலின் முறைகளும் பலவாயின.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வழி எளிது. அவை அரசின் உறுப்புகளே ஆதலின் சட்டமன்றம் நேரடியாக அதிகாரம் வழங்குகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் காவலரை அம்மாநிலக் கல்விச் சட்டமும் தண்டனைச் சட்டமும் அமைதிக் காவலர் என அங்கீகரிக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களில் முறை மாறுபடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல்கலைக்கழகத்தின் வேண்டுகோளின்பேரில் மாநிலக் காவல்துறைத் தலைவர் அதன் காவலரைச் 'சிறப்பு மாநிலக் காவலர்' என நியமிக்கின்றார். மேரிலாந்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் காவற்படை அமைப்பதற்கென்றே 2019இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்து மாணவர்கள் நிருவாகக் கட்டடத்தில் ஒரு திங்களுக்கு மேல் அமர்ந்து போராடினர்; 2020இல் நிறுத்திவைக்கப்பட்ட அத்திட்டம் பின்னர் மீண்டும் தொடரப்பட்டது.

அதிகாரம் இன்மையும் சிக்கலையே விளைவிக்கின்றது. நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பணியாளர் இருந்தனரேயன்றிக் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதனால் 1968 ஏப்ரல் 30ஆம் நாளும், 2024இல் அதே ஏப்ரல் 30ஆம் நாளும், மாணவர் கைப்பற்றிய கட்டடத்தை மீட்க நகரக் காவல்துறையே உள்ளே அழைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அப்பல்கலைக்கழகம் கைது அதிகாரம் உடைய 36 சிறப்பு அலுவலரை அமர்த்துவதாக அறிவித்தது. வெளிப்படை வருவதைத் தவிர்க்க உட்படை வேண்டுமா, உட்படையே நாளை மாணவர் குரலை அடக்கும் கருவியாகிவிடுமா என்னும் வழக்கு அங்கு இன்னும் ஓயவில்லை.

எல்லை எதுவரை?

வளாகச் சுவரோடு வளாகக் காவலரின் அதிகாரம் முடிந்துவிடும் என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. கலிபோர்னியாச் சட்டம் வளாகத்தின் வெளியெல்லையிலிருந்து ஒரு மைல் தொலைவு வரை அதிகாரம் தருகின்றது. வேறு சில மாநிலங்களில் நகரக் காவல்துறையோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை எல்லையை விரிக்கின்றது. மேற்கூறிய ஆய்வின்படி உறுதிமொழி ஏற்ற வளாகக் காவலருள் 86 விழுக்காட்டினர் வளாகத்திற்கு வெளியிலும் கைது செய்யும் அதிகாரம் பெற்றிருந்தனர்.

மாணவர்கள் வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடெடுத்துத் தங்குகின்றனர் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். ஆயினும் அத்தெருக்களில் வாழும் பொதுமக்கள் பல்கலைக்கழகத்தின் மாணவரும் அல்லர். அதன் ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுத்தவரும் அல்லர். 2015 ஜூலையில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் வளாகத்திற்கு வெளியே நகரத் தெருவில் ஒரு காரை நிறுத்தினார். முன்பக்க எண் பலகை இல்லை என்பதே காரணம். அக்காரை ஓட்டிய சாமுவேல் டூபோஸ் என்னும் கறுப்பினத்தவர் அவ்விடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இருமுறை நடந்த விசாரணையிலும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு 2017இல் கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திற்கு 48 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் வழங்கவும், அவர்தம் பிள்ளைகள் பன்னிருவர்க்கும் கட்டணமின்றிப் பட்டக்கல்வி அளிக்கவும் இசைந்தது. கல்வி புகட்ட எழுந்த நிறுவனம் ஓர் உயிருக்கு ஈடு செலுத்த நேர்ந்தது. அதிகாரத்தின் எல்லையை விரித்தவர் பொறுப்பின் எல்லையையும் விரித்தவராவர் என்பதற்கு இது சான்றாகும்.

விடுதி அறையும் சட்டமும்

மாணவர் தங்கும் அறை யாருடையது? கட்டடம் பல்கலைக்கழகத்தினுடையது, ஆயினும் அவ்வறையே மாணவரின் இல்லம். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் காரணமற்ற சோதனையினின்று குடிமக்களைக் காக்கின்றது. இக்காப்பு விடுதி அறைக்கும் உண்டா என்னும் வினா நீதிமன்றம் சென்றது.

அலபாமா மாநிலத்தின் டிராய் பல்கலைக்கழகத்தில் அறைகளைப் பார்வையிடும் உரிமை நிருவாகத்திற்கு உண்டு என்று விதி இருந்தது. அவ்விதியைக் காட்டிக் காவலர் ஆணையின்றி நுழைந்து போதைப்பொருளைக் கைப்பற்றினர். 1971இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒழுங்கைப் பேணுதற்காக நிருவாகம் பார்வையிடலாம்; ஆனால் குற்ற வழக்கிற்குச் சான்று தேடும் உரிமையை அவ்விதியின் வாயிலாகக் காவலருக்குக் கைமாற்ற இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

1982இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு மறுபக்கத்தைக் காட்டுகின்றது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மதுப்புட்டியோடு சென்ற மாணவனை வளாகக் காவலர் நிறுத்தி அடையாளச் சீட்டைக் கேட்டார். அறையிலிருந்து எடுத்துவர மாணவன் சென்றான். காவலரும் உடன் சென்றார். வாயிலில் நின்றவாறே கஞ்சா விதைகளையும் புகைக்குழலையும் கண்டு உள்ளே நுழைந்தார். கைதானவனோடு உடன்செல்லும் உரிமை காவலருக்கு உண்டு. கண்முன் தெரிந்ததைக் கைப்பற்றியதும் முறையே என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, விடுதிக் கண்காணிப்பாளர் கதவைத் தட்டுவதும் காவலர் கதவைத் தட்டுவதும் சட்டத்தின்முன் ஒன்றல்ல என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

சமயம் சார்ந்த நிறுவனங்கள்

சமய நிறுவனங்கள் நடத்தும் கல்லூரிகளுக்கு அரசின் காவல் அதிகாரத்தை வழங்கலாமா? சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியில் பயிலும் நமக்கு இவ்வினா ஆர்வமூட்டுவதாகும். அமெரிக்க அரசியலமைப்பு அரசையும் சமயத்தையும் பிரித்து வைத்துள்ளது. வட கரோலினா மாநிலத்தில் பாப்டிஸ்டு திருச்சபைச் சார்புடைய கேம்பெல் பல்கலைக்கழகக் காவலர் ஒருவரைக் கைது செய்த வழக்கில், சமய நிறுவனத்திற்கு அரசின் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தல் செல்லாது என 1994இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2005இல் அம்மாநிலம் வளாகக் காவலுக்குத் தனிச்சட்டம் இயற்றியது. பிரஸ்பிட்டீரியன் மரபில் வந்த டேவிட்சன் கல்லூரிக் காவலர் செய்த கைது குறித்த வழக்கில், 2011இல் அதே நீதிமன்றம் அக்கைது செல்லும் என்றது. நிறுவனத்தின் சமயப் பெயரை மட்டும் நோக்காது, காவலர் அரசின் பொதுச் சட்டத்திற்கும் மேற்பார்வைக்கும் கட்டுப்பட்டு இயங்குகின்றாரா என்பதை நோக்கவேண்டும் என்னும் தெளிவு இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கு வைத்துக் காண்பார்க்குப் புலனாகும்.

அறிவிக்கும் கடமை

வளாகக் காவலின் பணி குற்றவாளியைப் பிடிப்பதோடு முடிவதில்லை. உண்மையை மறைக்காது அறிவித்தலும் அதன் கடமையாகும். இக்கடமை ஒரு தாய் தந்தையின் கண்ணீரிலிருந்து பிறந்தது. 1986 ஏப்ரல் 5ஆம் நாள் பென்சில்வேனியாவின் லீஹைப் பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளேரி என்னும் பத்தொன்பது வயது மாணவி, அதே பல்கலைக்கழக மாணவன் ஒருவனால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள் திறந்த நிலையில் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவ்வளாகத்தில் அதற்குமுன் நிகழ்ந்த வன்குற்றங்கள் குறித்து மாணவர்க்கோ பெற்றோர்க்கோ போதிய அறிவிப்பு இல்லை என்பதைப் பெற்றோர் பின்னர் அறிந்தனர். அவர்கள் ஓயாது போராடியதன் விளைவாக 1990இல் கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. 1998இல் அம்மகளின் பெயரையே அது பெற்றது.

கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் கல்லூரிகளை இச்சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள் குற்றக் கணக்கை வெளியிடுதல் வேண்டும். காவல்துறையோ பாதுகாப்புத் துறையோ உள்ள நிறுவனங்கள் அன்றாடக் குற்றப் பதிவேட்டை வைத்து, கேட்பவர் எவர்க்கும் காட்டுதல் வேண்டும். தொடரும் ஆபத்து இருப்பின் உடனடியாக எச்சரித்தல் வேண்டும். 2007 ஏப்ரல் 16ஆம் நாள் வர்ஜீனியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காலையில் விடுதியில் இருவர் கொல்லப்பட்டனர். இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே மாணவர்க்கு முதல் எச்சரிக்கை சென்றது. அடுத்த சில நிமிடங்களில் வகுப்பறைக் கட்டடத்தில் மேலும் முப்பதின்மர் கொல்லப்பட்டனர். அதன்பின் 2008இல் அவசர அறிவிப்புக் கடமை மேலும் இறுக்கமாக்கப்பட்டது. சட்டத்தை மீறிய லிபர்ட்டிப் பல்கலைக்கழகத்திற்கு 2024இல் ஒரு கோடியே 40 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பதற்காகக் குற்றத்தை மறைப்பது, மாணவரைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பது இச்சட்டத்தின் உட்பொருள்.

ஏடுகளைக் காணும் உரிமை

தனியார் பல்கலைக்கழகக் காவலரிடம் அரசின் அதிகாரம் உண்டு. எனின், அரசு அலுவலகங்களைப்போல அவர்தம் ஏடுகளும் மக்கள் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டுமன்றோ? இதில் நீதிமன்றங்கள் ஒருமித்துக் கூறவில்லை. ஹார்வர்டு மாணவர் நாளிதழ் தொடுத்த வழக்கில், பல்கலைக்கழகக் காவல் ஏடுகள் பொது ஆவணச் சட்டத்திற்கு உட்படா என மாசசூசெட்ஸ் உயர்நிலை நீதிமன்றம் 2006இல் கூறியது. நோட்டர் டேம் பல்கலைக்கழக வழக்கில் இந்தியானா உச்ச நீதிமன்றமும் 2016இல் அவ்வாறே தீர்த்தது. ஆனால் ஒட்டர்பைன் பல்கலைக்கழக மாணவ இதழாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் ஒகையோ உச்ச நீதிமன்றம் 2015இல் எதிர்த் தீர்ப்பு வழங்கியது. கைது செய்தல் அரசின் பணி. அப்பணியைச் செய்பவர் அரசு அலுவலகமே என்பது அதன் முடிவு. அதிகாரம் மட்டும் பொதுவாகவும் ஏடு மட்டும் தனியுடைமையாகவும் இருத்தல் பொருந்தாது என்பதே எம் கருத்தாகும்.

அமைதி வழியிற் போராடும் மாணவரிடம் காட்டவேண்டிய பொறுமையும் இப்பொறுப்பைச் சார்ந்ததே. 2011 நவம்பர் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் கைகோத்துத் தரையில் அமர்ந்திருந்த மாணவர்மீது வளாகக் காவலர் மிளகுக் குழம்பைத் தெளித்தார். அதனை ஆராய்ந்த குழு, அந்நிகழ்ச்சி தவிர்த்திருக்க வேண்டியது, தவிர்த்திருக்கவும் கூடியது என அறிவித்தது. பாதிக்கப்பட்டோர்க்குப் பல்கலைக்கழகம் பத்து இலட்சம் டாலர் அளவில் இழப்பீடு வழங்கியது. வளாகத்தை அறிந்தவர் காவலரானால் துன்பம் நேராது என்னும் நம்பிக்கை மட்டும் போதாது என்பது அன்று வெளிப்பட்டது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 1825ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் காவலரை நியமிக்க இடமளித்தது. ஆக்சுபோர்டு தன் காவற்படையை 2003இல் கலைத்துவிட்டது. கிரேக்க நாட்டின் வரலாறு இதற்கு மாறானது. 1973 நவம்பரில் ஏதென்சுப் பல்தொழில்நுட்பக் கழகத்தினுள் இராணுவ ஆட்சியின் டாங்கி வாயிலை உடைத்து நுழைந்தது. அவ்வடுவின் நினைவாகக் காவலர் வளாகத்துள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1982இல் வந்தது. 2019இல் அக்காப்பு நீக்கப்பட்டது. 2021இல் வளாகத்திற்கெனத் தனிக் காவற்பிரிவை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது மாணவர் கடுமையாக எதிர்த்தனர். ஒவ்வொரு நாடும் தான் பட்ட காயத்திற்கேற்பவே சட்டம் செய்துகொள்கின்றது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நான்கு உண்மைகள் தெளிவாகின்றன. வளாகக் காவலரின் அதிகாரம் பல்கலைக்கழகத்தினுடையதன்று. மக்கள் மன்றம் இரவலாக வழங்கியது. அவ்வதிகாரத்திற்கு இடத்தாலும் முறையாலும் எல்லை உண்டு. மாணவரின் அறையும் குரலும் அவ்வெல்லைக்கு உட்பட்ட மதிப்பிற்குரியன. ஏடுகளைத் திறந்து வைத்து விடை பகரும் கடமையும் அதிகாரத்தோடு உடன்பிறந்ததாகும்.

அஞ்சாது உறங்கும் விடுதி மாணவர்க்கு வேண்டும். அஞ்சாது பேசும் வகுப்பறையும் வேண்டும். முன்னதற்குக் காவல் தேவை. பின்னதற்குக் காவலின் கட்டுப்பாடு தேவை. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழத்தல் கல்விக்கு அழகன்று. திருவள்ளுவர் செங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்தே கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். கோல் ஒன்றே, அது நிமிர்வதும் வளைவதும் பிடித்திருக்கும் கையினையும், அக்கையைக் கண்காணிக்கும் கண்களையும் பொறுத்தவை. நாளைய குடிமக்களாகிய மாணவர்கள் அக்கண்களாக விளங்குதல் வேண்டும் என்பதே எம் விழைவாகும்.